கோவில்பட்டி ஒரு பைலில், நாகலாபுரம் இன்னொரு பைலில்! உயரப் படங்களைச் சுருக்கும்போது ஓரத்தைக் கவனியுங்கள்

டிஜிட்டல் கேமராவில் எடுத்த போட்டோவைச் சிறிதாக்க உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரீசைஸ் கட்டளையைத் தேர்ந்தெடுத்து, அகலத்துக்கு ஒரு எண், உயரத்துக்கு ஒரு எண் கொடுத்து ஓகே செய்தால் வேலை முடிந்தது. போட்டோவின் ஓரத்தில் ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் அதே கட்டளையை நிலத்தின் மேடு பள்ளத்தைப் பதிவு செய்துள்ள உயரப் படத்தில் கொடுத்தால், இல்லாத இடத்தில் ஒரு சுவரோ ஒரு பள்ளமோ முளைத்துவிடும். அது எப்படி என்பதையும், அதைத் தவிர்க்கும் வழியையும் இந்த மாதப் பாடத்தில் பார்ப்போம். இதற்குத் தேவையான சாப்ட்வேர் எல்லாமே இலவசம்.

உயரப் படம் என்றால் என்ன?

சாதாரணப் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறம். உயரப் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் எண். 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் தேதி எண்டெவர் என்ற விண்வெளி ஓடம் கிளம்பிப் போய், பதினொரு நாட்களில் பூமியின் பெரும்பகுதியை ரேடார் கொண்டு அளந்தது. ஓடத்தின் உள்ளே ஒரு ஆன்டெனா. 60 மீட்டர் நீளக் கம்பம் ஒன்றை வெளியே நீட்டி அதன் நுனியில் இன்னொன்று. நம் இரண்டு கண்கள் தூரத்தைக் கணிப்பது மாதிரி இரண்டு ஆன்டெனாக்களும் சேர்ந்து உயரத்தைக் கணித்தன. வடக்கே 60 டிகிரியிலிருந்து தெற்கே 56 டிகிரி வரையிலான நிலம் முழுவதும் இப்படி அளக்கப்பட்டது. எஸ்ஆர்டிஎம் என்று இதைச் சுருக்கமாகச் சொல்வார்கள்.

இந்தத் தகவலை ஒரே பைலாகத் தந்தால் எந்த வீட்டுக் கம்ப்யூட்டரும் தாங்காது. எனவே ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி என்று சதுரம் சதுரமாக வெட்டி, சதுரத்துக்கு ஒரு பைல் தருகிறார்கள். சதுரத்தின் தென்மேற்கு மூலைதான் பைலின் பெயர். வடக்கு 9, கிழக்கு 77 என்ற மூலையில் தொடங்கும் சதுரத்தின் பைல் பெயர் என்09இ077. அதற்குக் கிழக்கே அடுத்தது என்09இ078.

இப்போது மேப்பை எடுத்துப் பாருங்கள். கிழக்கு 78 டிகிரிக் கோடு எட்டயபுரத்தை ஒட்டிப் போகிறது. அதற்கு மேற்கே கோவில்பட்டி, கிழக்கே விளாத்திகுளமும் நாகலாபுரமும். ஆக, நாகலாபுரத்துக்காரர் ஒருவர் கம்ப்யூட்டர் வாங்கி, தம் ஊர்க் கரிசல் காட்டில் மழைத்தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க நினைத்தால் ஒரு பைல் போதாது. கோவில்பட்டிப் பக்கத்து மேட்டிலிருந்து கிழக்கே சரியும் நிலம், பாதி வழியில் ஒரு பைலிலிருந்து இன்னொரு பைலுக்குள் நுழைகிறது. சாத்தூரைத் தாண்டி விளாத்திகுளம் வழியாகக் கடலுக்குப் போகும் வைப்பாறும் இந்தக் கோட்டைக் கடந்துதான் ஆக வேண்டும்.

3600 இல்லை, 3601!

ஒரு டிகிரியில் 60 நிமிடம், ஒரு நிமிடத்தில் 60 விநாடி. (கடிகார விநாடி அல்ல, கோண விநாடி.) மொத்தம் 3600 விநாடிகள். விநாடிக்கு ஓர் உயரம் என்றால் ஒரு வரிசையில் 3600 எண்கள் இருக்க வேண்டும். ஆனால் பைலில் 3601 இருக்கும். தப்பு இல்லை. பத்து இடைவெளி உள்ள வேலிக்குப் பதினொரு கல் நட வேண்டும் அல்லவா, அதே கணக்குதான். முதல் கல் சரியாக 77 டிகிரிக் கோட்டின் மேலும், கடைசிக் கல் சரியாக 78 டிகிரிக் கோட்டின் மேலும் நிற்கிறது. அடுத்த பைலின் முதல் கல்லும் அதே 78 டிகிரிக் கோட்டில்தான். அதாவது பக்கத்துப் பக்கத்து பைல்களில் ஒரு நெடுவரிசை பொது. இரண்டிலும் அந்த வரிசையின் எண்கள் ஒன்றாகவே இருக்கும்.

எச்ஜிடி என்ற வடிவத்தில் இறக்கினால் பைல் சைஸைப் பார்த்தே இதைச் சரிபார்க்கலாம். ஓர் உயரத்துக்கு 2 பைட். 3601ஐ 3601ஆல் பெருக்கி இரண்டால் பெருக்கினால் 2,59,34,402 பைட். பைலின் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள், இந்த எண்ணே இருக்கும். மூன்று விநாடிக்கு ஓர் உயரம் உள்ள பழைய வகை பைலில் 1201க்கு 1201 எண்கள். சைஸ் 28,84,802 பைட். நம் பகுதியில் ஒரு விநாடி என்பது தரையில் ஏறக்குறைய 30 மீட்டர். மூன்று விநாடி, 90 மீட்டர்.

எல்லாரும் இதே மாதிரி வெட்டுவதில்லை. ஐரோப்பாவின் கோபர்நிகஸ் 30 மீட்டர் உயரப் பைல்களில் பொது வரிசையை நீக்கிவிட்டு 3600 மட்டும் வைத்திருக்கிறார்கள். இரண்டு வகையையும் கலந்து வேலை செய்யாதீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எக்ஸெல்லைத் திறந்து கொள்ளுங்கள். கால்க் இருந்தாலும் சரி. 30 மீட்டர் படத்தை 90 மீட்டர் படமாகச் சுருக்குவது என்றால், அடுத்தடுத்த மூன்று எண்களின் சராசரியை ஓர் எண்ணாக எழுதுவது. (உண்மையில் மூன்றுக்கு மூன்று, ஒன்பது எண்கள். புரிவதற்காக ஒரே ஒரு கிடை வரிசையை எடுத்துக் கொள்வோம்.) 78 டிகிரிக் கோட்டுக்குச் சற்று மேற்கே ஒரு கண்மாய்க் கரை இருப்பதாக வையுங்கள். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்.

மேற்கு பைலின் கடைசி எண்கள்: 70, 70, 73, 70
கிழக்கு பைலின் முதல் எண்கள்: 70, 70, 70, 70

மேற்கின் கடைசி 70ம் கிழக்கின் முதல் 70ம் ஒரே இடம். 73 என்பது கரை. இப்போது 78 டிகிரிக் கோட்டின் மேல் உள்ள அந்த ஒரே இடத்துக்குச் சராசரி வேண்டும். சரியான விடை என்ன? இடப்பக்கம் 73, நடுவில் 70, வலப்பக்கம் 70. கூட்டி மூன்றால் வகுத்தால் 71.

ஆனால் கிழக்கு பைலை மட்டும் திறந்து வைத்திருக்கும் சாப்ட்வேருக்கு இடப்பக்கத்து 73 தெரியாது. அங்கே படம் முடிந்துவிட்டது. அது என்ன செய்யும்? சாப்ட்வேரைப் பொறுத்து மூன்றில் ஒன்றைச் செய்யும்.

இல்லாத எண்ணைச் சைபர் என்று எடுத்துக்கொள்வது முதல் வகை. 0, 70, 70: சராசரி 47. மேற்கு பைலிலும் இதே கதை: 73, 70, 0: சராசரி 48. சமதரையில் 23 மீட்டர் பள்ளம் விழுந்துவிட்டது! இது மோசமானது என்றாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஓரத்து எண்ணையே இன்னொரு முறை போட்டுக்கொள்வது இரண்டாவது வகை. கிழக்கில் 70, 70, 70: சராசரி 70. மேற்கில் 73, 70, 70: சராசரி 71. ஒரே இடத்துக்கு இரண்டு உயரம்.

கண்ணாடியில் பார்ப்பது போல் உள்ளே இருக்கும் எண்ணை வெளியே திருப்பிப் போடுவது மூன்றாவது. கிழக்கில் 70, மேற்கில் 73, 70, 73: சராசரி 72. வித்தியாசம் இரண்டு மீட்டர்.

போட்டோவுக்கு இரண்டாவது வகையும் மூன்றாவது வகையும் நல்ல வழிகள்தான். போட்டோவுக்கு வெளியே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஏதாவது ஒன்றை ஊகித்துத்தான் ஆக வேண்டும். உயரப் படத்தில் ஊகமே தேவையில்லை. வெளியே என்ன இருக்கிறது என்பது பக்கத்து பைலில் இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்காமல் ஊகிப்பதுதான் தப்பு.

சாதாரணப் பட சாப்ட்வேரில் இன்னொரு வம்பும் உண்டு. 3601ஐ 1201 ஆக்கச் சொன்னால், அது வேலிக்கல் கணக்கை அறியாமல் படத்தின் மொத்த அகலத்தை 1201 கட்டங்களாகப் பங்கு போடும். அதனால் முதல் கட்டத்தின் நடு, கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு புள்ளி உள்ளே தள்ளிப்போய்விடும். கடைசிக் கட்டமும் அப்படியே. இரண்டு பைல்களையும் இப்படிச் சுருக்கிப் பக்கத்தில் வைத்தால், ஒன்றாக இருக்க வேண்டிய வரிசைகள் 60 மீட்டர் விலகி நிற்கும்.

ஒரு மீட்டர்தானே என்று விட்டுவிடலாமா?

விட முடியாது. கோவில்பட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே மன்னார் வளைகுடா சுமார் 50 கிலோமீட்டர். அதாவது கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர் வீதம்தான் நிலம் சரிகிறது. ஒரு மீட்டர் தவறு என்பது அரை கிலோமீட்டர் தூரத்துச் சரிவை விழுங்கிவிடும். கொடைக்கானல் பக்கம் என்றால் யாரும் கவனிக்கப் போவதில்லை. இங்கே தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதே மாறிவிடும்.

எஸ்ஆர்டிஎம் உயரமே சில மீட்டர் முன்பின் இருக்குமே என்று கேட்பீர்கள். உண்மைதான். ரேடார் பல இடங்களில் தரையைத் தொடாமல் மரத்தின் மேற்பரப்பையே பார்த்துவிடுகிறது. கண்மாய்க்குள் அடர்ந்து கிடக்கும் வேலிக்கருவேல் காடு மேடாகத் தெரியலாம். ஓடம் பறந்தது பிப்ரவரி மாதம், வடகிழக்குப் பருவமழை முடிந்த சமயம். தண்ணீர் நிற்கும் பரப்பிலிருந்து ரேடார் எதிரொலி சரியாகத் திரும்பாது. ஆனால் இந்தத் தவறுகள் எல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பவை. கம்ப்யூட்டரில் தண்ணீரை ஓடவிட்டால் அது சுற்றிக்கொண்டு போய்விடும். ஓரத் தவறோ ஒரே நேர்கோட்டில், வடக்குத் தெற்காக 110 கிலோமீட்டர் நீளத்துக்கு வரும். அது ஒரு சுவர், அல்லது ஒரு வாய்க்கால். மேற்கிலிருந்து வரும் ஓடைகளெல்லாம் எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் திடீரென்று தெற்கே திரும்பி 78 டிகிரிக் கோட்டின் மீதே ஓடுவதாகக் கம்ப்யூட்டர் வரைந்து காட்டும். நாகலாபுரம் பக்கத்துக் கண்மாய் ஒன்றுக்கு வரத்து நிலம் எவ்வளவு என்று கேட்டால், கோட்டுக்கு மேற்கே உள்ள நிலம் முழுவதும் கணக்கில் விட்டுப்போயிருக்கும்.

-32768 என்ற எண்ணைக் கண்டால்

பழைய பதிப்பு பைல்களில் அளக்க முடியாமல் போன இடங்களில் -32768 என்று போட்டிருப்பார்கள். இது உயரம் அல்ல. 'தகவல் இல்லை' என்பதற்கான அடையாளம். சாப்ட்வேரிடம் இதைச் சொல்லாவிட்டால் அதையும் சேர்த்துச் சராசரி போட்டுவிடும். மூன்று இடம் 50 மீட்டர், ஓரிடம் -32768 என்றால் சராசரி -8154.5 மீட்டர்! கரிசல் காட்டில் எட்டு கிலோமீட்டர் ஆழக் கிணறு. ஓட்டைகளை அடைத்த புதிய பதிப்பை இறக்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆனாலும் கீழே சொல்லும் இடத்தில் இந்த எண்ணைக் கொடுக்க மறக்காதீர்கள்.

செய்முறை

தையல்காரரைக் கவனித்திருப்பீர்கள். அளவுக்குச் சரியாக வெட்டிவிட்டுத் தைக்கமாட்டார். தையலுக்கென்று கொஞ்சம் துணி விட்டு வெட்டி, தைத்து முடித்த பிறகுதான் மிச்சத்தை நறுக்குவார். நாமும் அப்படியே செய்யப் போகிறோம். முதலில் ஒட்டு, பிறகு சுருக்கு, கடைசியில் வெட்டு. இந்த வரிசையை மாற்றக் கூடாது.

அமெரிக்க நிலவியல் துறையின் எர்த் எக்ஸ்ப்ளோரர் வெப்சைட்டில் இலவசமாகப் பெயர் பதிவு செய்து உள்ளே போங்கள். டேட்டா செட்ஸ் பகுதியில் டிஜிட்டல் எலிவேஷன் > எஸ்ஆர்டிஎம் > எஸ்ஆர்டிஎம் 1 ஆர்க்-செகண்ட் குளோபல் என்பதை டிக் செய்து, மேலே சொன்ன இரண்டு சதுரங்களையும் ஜியோடிப் வடிவத்தில் டவுன்லோட் செய்யுங்கள். 2014ஆம் ஆண்டுக்கு முன்பு அமெரிக்காவுக்கு வெளியே 90 மீட்டர் பைல்கள் மட்டும்தான் பொதுமக்களுக்குக் கிடைத்தன. இப்போது நமக்கும் 30 மீட்டர் கிடைக்கிறது.

அடுத்து கியூஜிஐஎஸ் சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்து திறந்து, இரண்டு பைல்களையும் மவுஸால் இழுத்து உள்ளே போடுங்கள். ராஸ்டர் மெனுவில் மிசலேனியஸ் > பில்ட் வர்ச்சுவல் ராஸ்டர் என்பதைக் கிளிக் செய்யுங்கள். இரண்டு பைல்களையும் தேர்ந்தெடுங்கள். 'பிளேஸ் ஈச் இன்புட் பைல் இன்டு எ செபரேட் பேண்ட்' என்ற கட்டத்தில் ஏற்கனவே டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் பைல்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டாமல், ஒன்றன் மேல் ஒன்றாகத் தனித்தனி அடுக்காக நிற்கும். ரன் கொடுத்தால் ஒட்டிய படம் தயார். ஹார்டு டிஸ்க்கில் இடம் அடைக்குமோ என்ற கவலை வேண்டாம். இது எந்த பைல் எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்கும் ஒரு சிறு குறிப்பு மட்டும்தான்.

இனி ராஸ்டர் > புரொஜெக்ஷன்ஸ் > வார்ப். இங்கேதான் சுருக்குகிறோம். டார்கெட் சிஆர்எஸ் என்ற இடத்தில் ஈபிஎஸ்ஜி 32644 என்று கொடுங்கள். டிகிரிக் கணக்கிலிருந்து மீட்டர் கணக்குக்கு மாற்ற இது தேவை. இதில் நம் ஊருக்கென்றே ஒரு வேடிக்கை இருக்கிறது. உலகை ஆறு ஆறு டிகிரியாக மண்டலங்களாகப் பிரிக்கும் யுடிஎம் முறையில் 43ஆம் மண்டலம் முடிந்து 44ஆம் மண்டலம் தொடங்குவதும் இதே 78 டிகிரிக் கோட்டில்தான்! கோவில்பட்டி 43இல், நாகலாபுரம் 44இல். ஒவ்வொரு பைலையும் அதனதன் மண்டலத்தில் மாற்றினால் இரண்டும் பொருந்தவே பொருந்தாது. நமக்கு வேண்டியது நாகலாபுரம் என்பதால் ஒட்டிய படம் முழுவதையும் 44இல் மாற்றுகிறோம். மேற்குப் பகுதி மண்டலத்தை விட்டுச் சற்று வெளியே இருந்தாலும் பாதகமில்லை.

ரீசாம்ப்ளிங் மெத்தட் என்ற இடத்தில் நியரஸ்ட் நெய்பர் என்று தானாக வந்து நிற்கும். அதை ஆவரேஜ் என்று மாற்றுங்கள். நோடேட்டா வேல்யூ கட்டத்தில் -32768. அவுட்புட் ரெசல்யூஷனில் 90. ரன் கொடுங்கள்.

வரும் படம் ஒரு டிகிரிக்கும் குறைவாகச் சாய்ந்திருக்கும். மூலைகளில் ஒல்லியான முக்கோணங்கள் காலியாக இருக்கும். நோடேட்டா எண் கொடுக்காமல் விட்டவர்களுக்கு அந்த முக்கோணங்கள் சைபர் மீட்டராக, கடலாகத் தெரியும். கடைசியாக ராஸ்டர் > எக்ஸ்ட்ராக்ஷன் > கிளிப் ராஸ்டர் பை எக்ஸ்டென்ட் மூலம் தேவையான பகுதியை மட்டும் வெட்டிக் கொள்ளுங்கள். வெளி ஓரத்திலிருந்து 20 புள்ளிகளாவது உள்ளே தள்ளி வெட்டுங்கள். ஒட்டிய படத்தின் வெளி ஓரத்திலும் அதே பழைய பிரச்சினை இருக்குமே! உங்கள் ஊர் வெளி ஓரத்தில் மாட்டினால் அந்தப் பக்கத்துச் சதுரத்தையும் சேர்த்து இறக்கி ஒட்டுவதுதான் வழி. தூத்துக்குடி நகரம் வேண்டுமென்றால் என்08இ078 தேவைப்படும்.

கடல் பக்கம் மட்டும் விதிவிலக்கு. முழுவதும் கடலாக உள்ள சதுரங்களுக்குப் பைலே கிடையாது. அங்கே சைபர் என்று நிரப்பிக்கொண்டால் அது ஊகம் அல்ல, உண்மை.

உலகப் படத்துக்கும் ஓரம் உண்டு

உலகம் முழுவதையும் ஒரே படமாக வைத்திருப்பவர்களுக்கு ஓரத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். படத்தின் இடது ஓரம் மேற்கு 180 டிகிரி, வலது ஓரம் கிழக்கு 180 டிகிரி. உருண்டையில் இரண்டும் ஒன்றுதான். 1903 முதல் தமிழர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய பிஜி நாட்டில், டவேயுனி என்ற தீவின் குறுக்கே இந்தக் கோடு போகிறது. உலகப் படத்தில் அந்தத் தீவின் ஒரு துண்டு இடது கோடியிலும் இன்னொரு துண்டு வலது கோடியிலும் கிடக்கும். அப்படியே சுருக்கினால் தீவுக்கு நடுவில் வெட்டுக்காயம் விழும்.

இதற்கும் தையல் துணி முறைதான். உங்களிடம் 5400 புள்ளி அகல உலகப் படம் இருக்கிறது, பத்தில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும் என்று வையுங்கள். வலது ஓரத்து 20 நெடுவரிசைகளைக் காப்பி செய்து இடது ஓரத்துக்கு வெளியே ஒட்டுங்கள். இடது ஓரத்து 20ஐ வலது பக்கம் ஒட்டுங்கள். அகலம் 5440. சுருக்கினால் 544. இரு பக்கமும் இரண்டிரண்டு வரிசை நறுக்கினால் 540.

உயரப் பைல்களிலும் முதல் வரிசையும் கடைசி வரிசையும் ஒரே இடமாக உள்ள வகை உண்டு. அமெரிக்காவின் நோவா 2009இல் வெளியிட்ட ஈடோப்போ1 தொகுப்பு 21,601 வரிசை அகலத்தில் ஒன்று, 21,600 வரிசை அகலத்தில் ஒன்று என இரண்டு விதமாக வந்தது. 21,601 என்றால் ஒட்டும் முன் பொது வரிசை ஒன்றைக் கழித்துவிட வேண்டும்.

மேல் கீழ் ஓரங்களில் மட்டும் இந்தச் சுற்று முறையைச் செய்யாதீர்கள். இடது வலது சேர்வது போல் மேலும் கீழும் சேராது. மேல் ஓரம் வட துருவம். அங்கே கடல் நாலாயிரம் மீட்டருக்கும் மேல் ஆழம். கீழ் ஓரம் தென் துருவம். அங்கே பனித்தரை 2,800 மீட்டருக்கும் மேல் உயரம். இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் என்ன வரும் என்று நீங்களே பாருங்கள். வட துருவத்தைத் தாண்டி நேராக நடந்தால் உலகின் அந்தப் பக்கத்தில் இறங்குவோம். எனவே மேல் வரிசைக்கு மேலே இருப்பது அதே மேல் வரிசைதான், ஆனால் பாதி அகலம் தள்ளி. 5400 புள்ளிப் படத்தில் 2700 புள்ளி தள்ளி ஒட்ட வேண்டும். துருவம் உங்களுக்குத் தேவையில்லை என்றால் விட்டுவிடலாம்.

சரியாக வந்ததா?

கிம்ப்பில் உலகப் படத்தைத் திறந்து லேயர் > டிரான்ஸ்பார்ம் > ஆப்செட் போங்கள். கிடைத் திசையில் அகலத்தில் பாதியைக் கொடுத்து, ராப் அரவுண்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஓரம் படத்தின் நடுவுக்கு வந்துவிடும். பசிபிக் நடுவில் மேலிருந்து கீழாகக் கோடு தெரிந்தால் எங்கோ தப்பு.

நாகலாபுரம் படத்துக்கு கியூஜிஐஎஸ்ஸிலேயே ராஸ்டர் > அனாலிசிஸ் > ஹில்ஷேட். வெயில் ஒரு பக்கமிருந்து விழுவது போல் மேடு பள்ளத்துக்கு நிழல் போட்டுக் காட்டும். நம் நிலம் தட்டை என்பதால் இசட் பேக்டரை 10 ஆக்குங்கள். எட்டயபுரம் பக்கத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். ஓடைகளும் கண்மாய்க் கரைகளும் வளைந்து நெளிந்துதான் போகும். வடக்குத் தெற்காக ஸ்கேல் வைத்து இழுத்தது போல் ஒரு கோடு தெரிந்தால் அது நிலத்தில் இல்லை, உங்கள் பைலில் இருக்கிறது. பில்ட் வர்ச்சுவல் ராஸ்டரிலிருந்து மறுபடி தொடங்குங்கள். கோடு இல்லாவிட்டால் தண்ணீர் வரத்தைப் பார்க்கலாம். கரை போடவும் மடை வைக்கவும் இந்தப் படத்தை நம்பி இறங்க வேண்டாம். அதற்கு லெவல் கருவி வைத்து அளப்பவர்தான் வர வேண்டும்.